தொட்டி மல்லியை இப்போது வெட்டாதீர்கள்

தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும், அக்கினி நட்சத்திரம் முடிந்தபின் மொட்டைமாடிக் குண்டுமல்லி மஞ்சளாகிவிட்டது, அடியோடு வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கு, நவம்பர் கடைசிதான் சரி. அப்போதும் ஒன்றரை அடி விட்டுத்தான் வெட்ட வேண்டும்.

முதலில் தொட்டியின் ஓரத்தைப் பாருங்கள். மண் காய்ந்து சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்திருக்கும். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அதன் வழியே ஓடிவிடும், வேர்ப்பந்து நனையவே நனையாது. என் செடியும் போன கோடையில் இப்படித்தான் வாடியது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. மண்ணைக் கிளறி இடுக்கை மூடி, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை ஊற்றுங்கள். மேலே தேங்காய் நார் பரப்புங்கள்.

அப்புறம், இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.