கடல் தேய்த்த கண்ணாடிக்கு மெருகு போடாதீர்கள்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் டர்ஹமில் படிக்கிறாள். பக்கத்தில் சீஹாம் என்ற ஊர்க் கடற்கரையில் பொறுக்கிய நீலக் கண்ணாடித் துண்டு ஒன்றை என் பிறந்தநாளுக்கு அனுப்பியிருக்கிறாள். பதக்கமாகக் கட்டிப் போட ஆசை. நகைக்கடையில், "மங்கலாக இருக்கிறது, மெருகு போட்டுத் தங்கத்தில் கட்டினால் எடுப்பாக இருக்கும்" என்கிறார்கள். செய்யலாமா? இதற்குப் பொருத்தமாகத் தோடுக்கு இரண்டு துண்டு ஆன்லைனில் வாங்கலாமா? – வாசகி, நாகர்கோவில்.

பதில்: மெருகு மட்டும் போட்டுவிடாதீர்கள் அம்மா. அந்த மங்கல்தான் அதன் அழகு, அதன் மதிப்பும் அதுதான்.

சீஹாமில் 1853இல் தொடங்கிய பெரிய பாட்டில் தொழிற்சாலை ஒன்று 1921 வரை நடந்தது. மிஞ்சிய கண்ணாடியையும் உடைசல்களையும் கடலில் கொட்டினார்கள். உங்கள் துண்டு அதில் ஒன்றாக இருந்தால், நூறு வருஷத்துக்கு மேல் வடகடலில் உருண்டு வந்தது. கடல்நீர் கண்ணாடியில் இருக்கும் சோடாவையும் சுண்ணாம்பையும் மெல்ல மெல்ல வெளியே இழுக்கும். மணலும் கூழாங்கல்லும் மேல்தோலைக் கொத்திக்கொண்டே இருக்கும். கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை ஆசாரியிடம் வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். நகம் பதிந்ததுபோலக் குட்டிக் குட்டிப் பிறை வடுக்கள் தெரியும். ஓரிடத்தில் நெருக்கமாக இருக்கும், ஓரிடத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். மெருகுச் சக்கரத்தில் ஐந்து நிமிஷம் பிடித்தால் இத்தனையும் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது வெறும் நீலக் கண்ணாடிதான். எண்ணெய் தடவிப் பளபளப்புக் காட்டுவதும் வேண்டாம்.

இப்போது தோடு விஷயம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடல் ஒரே அளவில், ஒரே வடிவத்தில், ஒரே நிறத்தில் இரண்டு துண்டைச் செய்து கரையில் போடாது. ஜோடியாக, அச்சில் வார்த்ததுபோல விற்பனைக்கு வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். பாட்டிலை உடைத்து, உருளையில் அரைப்புத் தூளோடு சில நாள் சுற்றவிடுவார்கள். இல்லையென்றால் அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். இரண்டிலும் மங்கல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக, குளியலறை ஜன்னல் கண்ணாடிபோல இருக்கும். லென்ஸில் பிறை வடு தெரியாது. அழகுக்காக, செய்த கண்ணாடி என்று தெரிந்தே வாங்குவதில் தப்பில்லை. 'அசல் சீஹாம்' என்று பெயர் ஒட்டி, விற்பவரே அச்சடித்த 'சான்றிதழ்' அட்டையோடு பத்து மடங்கு விலைக்குத் தள்ளும் இடைத்தரகரிடம் மாட்டிக்கொள்வதுதான் தப்பு. சோதனைக்கூடம் அது கண்ணாடி என்று சொல்லும். எந்தக் கடற்கரையில் பொறுக்கியது என்று எந்த அட்டையாலும் சொல்ல முடியாது. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

உண்மையான ஜோடி கிடைக்க ஒரு வழி உண்டு. கொஞ்சம் தடிமனான ஒரே துண்டை, வைரத்தூள் பூசிய மெல்லிய ரம்பத்தால், தண்ணீர் விட்டுக்கொண்டே, பாதியாகப் பிளந்துகொள்ளலாம். அப்போது இரண்டும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே வடிவம். அறுத்த முகத்தில் மங்கல் இருக்காது, அது பளிச்சென்று இருக்கும். அதைப் பின்பக்கமாக வைத்து, கடல் தேய்த்த முகம் வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். சீஹாமில் ஒரே துண்டில் இரண்டு மூன்று நிறம் ஒட்டிய கண்ணாடியும் கிடைக்கும். அதைப் பிளந்தால் இரண்டு காதிலும் ஒரே மாதிரி வரி வரும். ஆனால் பிளக்கும்போது வெடிக்கவும் வாய்ப்புண்டு. அதனால் பிறந்தநாளுக்கு வந்த அந்த நீலத்தை இதற்குத் தொடாதீர்கள். மகளிடம் வேறு துண்டு கேளுங்கள். அவளே குனிந்து பொறுக்கியது என்பதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

கட்டுவதற்கு என் யோசனை வெள்ளி. மங்கலான நீலத்துக்கு வெள்ளிதான் இதமாக இருக்கும், செலவும் குறைவு. எதில் கட்டினாலும் ஓபன் செட்டிங், அதாவது பின்பக்கம் திறந்த கட்டு, என்று கேளுங்கள். பின்னால் தகடு வைத்து மூடினால் வெளிச்சம் ஊடுருவாது. நீலம் கறுப்பாகத் தெரியும். பற்றவைக்கும் வேலையெல்லாம் முடிந்து, நகை ஆறிய பிறகுதான் கண்ணாடி உள்ளே போக வேண்டும். நெருப்பின் சூடு ஒரு பக்கம் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

தங்கம்தான் வேண்டும் என்றால் தராசைக் கவனியுங்கள். கட்டிய பதக்கம் 6 கிராம், அதில் கண்ணாடி 3 கிராம் என்றால் நீங்கள் தங்க விலை கொடுக்க வேண்டியது 3 கிராமுக்குத்தான். பாட்டில் கண்ணாடிக்குத் தங்க விலையும், அதற்கு மேல் சேதாரமும் போட்டு எழுதிய பில்லை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தாங்க" என்று பதில். ஹால்மார்க் முத்திரையும் அதோடு பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லின் எடைக்கு இல்லை. பில்லில் நிகர எடையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கடைக்கு வந்து யார் பார்க்கிறார்கள்? வாங்குகிறவரே நின்று சண்டை போட்டால்தான் உண்டு என்ற நிலை எத்தனை வருஷமாக மாறவில்லை!

அதனால் கண்ணாடியைக் கொடுக்கும்போதே உங்கள் கண்முன் எடை போட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். கூடவே இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். நகை வந்ததும் அந்தப் படத்தோடு வடுக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்த எடையில் கண்ணாடி எடையைக் கழித்த பிறகு பணம் கொடுங்கள்.