விலை ஏறினால் விற்பனை குறையும் என்று சொல்ல ஒரு துறை வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சற்றுக் கிண்டலாகவே கேட்டிருக்கிறார்: விளைச்சல் குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் மக்கள் குறைவாக வாங்குவார்கள், இதைச் சொல்ல வேளாண் பொருளாதாரம் என்று தனியாக ஒரு துறை எதற்கு?

ஏறும், குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் வழக்கு. அது தெரியாமல் கொள்முதல் விலையையும் இறக்குமதி வரியையும் முடிவு செய்வது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். விலைப் புள்ளிவிவரங்களோடு வெகுநாள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த 'எவ்வளவு' லேசில் பிடிபடாது.

சந்தை நமக்குக் காட்டுவது இரண்டே எண்கள்: என்ன விலை, எவ்வளவு விற்றது. இரண்டுமே வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து உண்டாக்கியவை; யாருடைய பங்கு எவ்வளவு என்று அவற்றில் எழுதி ஒட்டியிருக்காது. ஹென்றி மூர் என்ற அமெரிக்க அறிஞர் 1914இல் வெளியிட்ட நூலில் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போன்ற பயிர்களுக்குக் கணக்குப் போட்டபோது, விலை ஏறினால் வாங்குவது குறைகிறது என்றே விடை வந்தது. அதே கணக்கை வார்ப்பிரும்புக்குப் போட்டார். விலை ஏற ஏற அதிகம் வாங்குகிறார்கள் என்று வந்தது! அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்றே எழுதியும் விட்டார்.

எல்மர் வொர்க்கிங் என்ற பொருளாதார அறிஞர் 1927இல் இந்த முடிச்சை அவிழ்த்தார். பயிர் விஷயத்தில் சாப்பிடுபவர்களின் தேவை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, மழையும் வெயிலும் விளைச்சலைத்தான் ஆட்டி வைக்கின்றன. ஆகவே எண்கள் வாங்குபவரின் குணத்தைக் காட்டுகின்றன. இரும்பு அப்படியல்ல, தொழில் செழித்தால் தேவை பொங்கும், படுத்தால் சுருங்கும். அங்கே எண்கள் காட்டுவது பெரும்பாலும் விற்பவரின் குணத்தை. ஆக, மூரின் பயிர்க் கணக்கைச் சரியாக்கியது வானிலை.

மறு ஆண்டே, 1928இல், ஃபிலிப் ரைட் இதை ஒரு முறையாக்கினார். எண்ணெய்கள் மீதான இறக்குமதி வரி பற்றிய நூலின் பின்னிணைப்பில், ஆளி விதையின் ஏக்கர் விளைச்சல் ஏறி இறங்குவதை வைத்தே வாங்குபவரின் பக்கத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். இன்று மருத்துவம், கல்வி என எங்கும் புழங்கும் ஒரு புள்ளியியல் உத்தியின் பிறப்பிடம் இந்தப் பின்னிணைப்பு. (அதை எழுதியவர் அவரா, மரபியல் அறிஞரான மகன் சூவல் ரைட்டா என்று வெகுகாலம் சந்தேகம் இருந்தது. எழுத்து நடையை அலசியவர்கள் அப்பாவையே கைகாட்டினார்கள்.)

இதனால் கொள்கைக்கு என்ன லாபம்? மைக்கேல் ராபர்ட்ஸ், வொல்ஃப்ராம் ஷ்லெங்கர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மக்காச்சோளம், சோயா, அரிசி, கோதுமை நான்கையும் கலோரிக் கணக்கில் ஒன்றாகக் கூட்டினார்கள். இந்த ஆண்டு வானிலை கெட்டு விலை ஏறினால், உண்பவர் எவ்வளவு குறைத்துக்கொள்கிறார் என்பது தெரியும். போன ஆண்டு கெட்டிருந்தால் கையிருப்பு கரைந்து, விதைக்கும்போதே விலை ஏறியிருக்கும். அப்போது விவசாயி எவ்வளவு கூட்டிப் பயிரிடுகிறார் என்பது தெரியும். இரண்டு பக்கமும் அசைவது சொற்பம் என்று கண்டார்கள். அதனால்தான் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலை வண்டி எரிபொருளில் கலக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம் உலகக் கலோரி உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதத்தை எரிபொருளுக்கு இழுத்தால், விலை சுமார் 30 சதவீதம் ஏறும் என்று கணித்தார்கள். இழுத்ததில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகத் திரும்பி வந்தால் 20 சதவீதம். உண்பவரும் உழுபவரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், நீண்ட காலத்துக்கு இந்த எண் குறையும் என்பது என் எண்ணம். ஆனாலும் 5 எப்படி 30 ஆகிறது என்பதை வெறும் பொது அறிவு சொல்லியிருக்காது.

வானிலையை நம்பும் இந்த உத்தி கைகொடுக்காத இடமும் உண்டு. 2007 கடைசியிலிருந்து 2008 மே வரை உலகச் சந்தையில் அரிசி விலை ஏறத்தாழ மூன்று மடங்கானது. விளைச்சல் பொய்க்கவே இல்லை. பொய்த்தது அரசுகளின் நிதானம். விற்கும் நாடுகள் ஏற்றுமதியைத் தடுத்தன, வாங்கும் நாடுகள் இறக்குமதி வரியைக் குறைத்தன; தத்தம் மக்களுக்கு விலை ஏறக்கூடாது என்றுதான் இரண்டு தரப்பும் செய்தன, இரண்டுமே உலக விலையை மேலே தள்ளின. வில் மார்ட்டின், கிம் ஆண்டர்சன் இருவரின் கணக்குப்படி, 2006 முதல் 2008 வரையிலான அரிசி விலை ஏற்றத்தில் 45 சதவீதம் இப்படி வந்தது.