ஜாஸ் பியானோவை நேரில் கேட்பது – கடிதம்

வணக்கம் சார்,

இசை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவள் நான். எனக்கு மிகவும் பிடித்த ஜாஸ் பியானோ கலைஞர் ஒருவரை அண்மையில் முதன்முறையாக நேரில் கேட்டேன். நூறு பேர்கூட உட்கார முடியாத சின்ன கிளப். அவருடைய ஆல்பங்கள் எனக்குப் பல வருடத் துணை. எந்த இடத்தில் எந்த நோட்டு வரும் என்பதுவரை மனப்பாடம்.

ஆனால் அன்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் ஆசையோடு காத்திருந்த பாட்டை அவர் எங்கிருந்தோ ஆரம்பித்தார். பாதி தூரம் போன பிறகுதான் அது அந்தப் பாட்டு என்றே தெரிந்தது. வேகமும் குறைவு. வாசிக்கும்போது முனகிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசையில் கிளாஸ் சத்தம். சில இடங்களில் டிரம்ஸில் பியானோ காணாமல் போனது. பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்தவரின் சோலோ, அவர் தனித்து வாசித்த பகுதி, முடிகிற மாதிரியே இல்லை. வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் போட்டுக் கேட்ட பிறகுதான் மனது ஆறியது.

எனக்குக் கேட்கத் தெரியவில்லையா? அல்லது மனதுக்குப் பிடித்தவர்களை நேரில் போய்ப் பார்க்காமல் இருப்பதே நல்லதா? நிகழ்ச்சி முடிந்ததும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். பேச நா எழவில்லை.

க.

அன்புள்ள க.,

உங்களுக்கு நன்றாகவே கேட்கத் தெரிகிறது. பாட்டு வேறு மாதிரி வந்தது, வேகம் மாறியது, பேஸ் நீண்டது என்று ஒன்றுவிடாமல் கவனித்திருக்கிறீர்கள். ஆல்பத்தில் இருப்பதுதான் அந்தப் பாட்டு, நேரில் கேட்டது அதன் பழுதுபட்ட நகல் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். ஜாஸில் ஆல்பம் என்பது ஏதோ ஒரு நாள் அந்தப் பாட்டு எடுத்த வடிவம், அவ்வளவுதான். அடுத்த நாள் ஒலிப்பதிவு செய்திருந்தால் நீங்கள் வேறொன்றை மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

பியானோ கலைஞர் பில் எவன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்று ஒரு கிளப் இருக்கிறது. 1935இல் தொடங்கியது. படியிறங்கிப் போகவேண்டிய அடித்தளம், ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும் முக்கோண அறை, 123 பேருக்குத்தான் அனுமதி. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, அங்கே எவன்ஸும் பேஸில் ஸ்காட் லஃபாரோவும் டிரம்ஸில் பால் மோஷியனும் பிற்பகலில் 2 செட், இரவில் 3 செட் வாசித்தார்கள் (இடைவேளை விட்டு வாசிக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு செட்). அன்று பதிவானவற்றிலிருந்து உருவான இரண்டு ஆல்பங்களையும் ஜாஸ் கேட்கிறவர்கள் இன்றுவரை கொண்டாடுகிறார்கள். பிற்பாடு அன்றைய முழுப் பதிவும் வெளியானது. அதில் ‘ஆல் ஆஃப் யூ’ மூன்று முறை வருகிறது. ஒரே நாள், அதே மூன்று பேர், அதே பியானோ. ஆனாலும் மூன்றும் மூன்று விதம். நீங்கள் மனப்பாடம் செய்வதாக இருந்தால் எதைச் செய்வீர்கள்?

அவருடைய ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’யும் அப்படித்தான். 1956இல் முதன்முதலாகப் பதிவு செய்தபோது அது தனிப் பியானோவில் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் சின்ன உருப்படி. 1961இல் மூன்று பேரும் சேர்ந்து வாசிக்கும்போது மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் தொடங்கி, நடுவில் நான்குக்கு மாறி, ஏழு நிமிடத்துக்கு நெருக்கமாக வளர்ந்திருக்கிறது. 1956 பதிவை உயிராக நேசித்த ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தால், உங்களைப் போலவே முகம் வாடித்தான் திரும்பியிருப்பார்.

கிளாஸ் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவுகளை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். கிளாஸ் உரசுவதும் யாரோ பேசிக்கொண்டிருப்பதும் தெளிவாகவே கேட்கும். அடுத்த 11 நாளில், ஜூலை 6ஆம் தேதி, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். 25 வயது. அந்த மூவரை அப்படிக் கேட்க அதன் பிறகு யாருக்கும் வாய்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு. இசை நடக்கும் இடத்தில் பேசக்கூடாது என்பதில் நான் கறார்தான். ஆனால் அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் அந்த அறை. அதை மட்டும் தனியே கழித்துவிட முடியாது.

அப்படியானால் நேரில் போவது எதற்கு? என் பதில், அடுத்து என்ன வாசிப்பது என்ற முடிவு எடுக்கப்படுவதைப் பார்ப்பதற்கு. இதைப் பெரிய அரங்கத்தில் பார்க்க முடியாது. சின்ன அறையில் மட்டும்தான் முடியும்.

ஒருமுறை நான் விசைப்பலகைக்குப் பக்கவாட்டில், கலைஞரின் முதுகும் இரண்டு கைகளும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வலது கை ஒரு இசைச் சொற்றொடரை முடித்தது. இடது கை கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள், வாசிக்க எழுந்தது. எழுந்த கை கீழே வரவில்லை. விசைகளுக்கு இரண்டு விரற்கடை மேலே அப்படியே நின்றது. பேஸ் வாசிப்பவர் எதிர்பாராத ஒரு நோட்டுக்கு இறங்கியிருந்தார். பியானோக்காரரின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. பார்வை பேஸ்காரரின் இடது கை விரல்களில். பாட்டின் ஒரு முழுச் சுற்று முடியும்வரை அவர் எதையும் தொடவில்லை. பிறகு இடது கை இறங்கியபோது, முதலில் வாசிக்க நினைத்த கார்ட்டாக அது இருந்திருக்கவே முடியாது. டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். இதையே ஆல்பத்தில் கேட்டால் அங்கே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். அந்த இடைவெளிக்குள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது தெரியாது.

பியானோ கலைஞர் அகமது ஜமால் இன்னொரு நல்ல உதாரணம். சிகாகோவில் ஒரு ஹோட்டல் லவுஞ்சில் 1958 ஜனவரியில் அவருடைய மூவர் குழுவைப் பதிவு செய்த ஆல்பம் நூறு வாரங்களுக்கும் மேல் விற்பனைப் பட்டியலில் இருந்தது. குழு நினைத்த மாத்திரத்தில் திரும்புவதும் நிற்பதும் சேர்வதும் அவருடைய இசையில் எல்லோரையும் மயக்கும் விஷயம். மேடையில் பார்த்தவர்களுக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியும். வாசித்துக்கொண்டே கையைத் தூக்கி, விரலை நீட்டி, அடுத்து எந்தப் பகுதிக்குப் போவது என்று சைகை காட்டிவிடுவார்.

முனகலுக்கு வருகிறேன். பியானோ கலைஞர்களில் எரல் கார்னர் முனகுவார். கீத் ஜாரட் முனகுவார், சில சமயம் எழுந்து நின்றே வாசிப்பார். ஆஸ்கர் பீட்டர்சன் பதிவுகளிலும் அடியில் குரல் ஓடுவதைக் கேட்கலாம். உள்ளே பாடிக்கொண்டிருப்பதை விரல் துரத்துகிறது, அதில் கொஞ்சம் வாய்வழியாக வெளியே வந்துவிடுகிறது. முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும். அப்புறம் ஒன்று பிடிபடும்: முனகல் எங்கே நிற்கிறதோ, எங்கே திடீரென்று ஏறுகிறதோ, அங்கே அவர் புதிதாக எதையோ கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு அது இப்போது தொந்தரவே இல்லை, வழிகாட்டி.

டிரம்ஸ் பற்றி நீங்கள் சொன்னது நியாயமான குறை. சின்ன அறையில் பியானோவுக்குப் பெரும்பாலும் மைக் குறைவு, சில இடங்களில் கிடையவே கிடையாது. பியானோவின் மூடி பார்வையாளர்கள் பக்கம்தான் திறக்கும், ஆனால் இடநெருக்கடியில் அதையும் பாதிதான் தூக்கி வைப்பார்கள். நீங்கள் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலுக்கு நேராக உட்கார்ந்திருந்தால் பியானோ அமுங்கத்தான் செய்யும். அடுத்த முறை சீக்கிரமே போய், மேடையைப் பார்த்து உட்காரும்போது உங்கள் இடது கைப் பக்கமாக வரும் இடத்தைப் பிடியுங்கள். பெரும்பாலும் விசைப்பலகை அங்கேதான் இருக்கும். டிரம்ஸும் தள்ளிப்போகும், கைகளும் தெரியும். பெடலை விடும்போது உள்ளே கம்பளித் துண்டுகள் தந்திகள்மேல் உட்காரும் மெல்லிய சத்தம்கூடக் கேட்கும்.

பேஸ் சோலோ நீண்டதாகத் தோன்றினால் பாட்டின் மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். அவர் அந்த மெட்டின் சுற்றுக்குள்தான், பெரும்பாலும் 32 பார் அல்லது 12 பார் (ஒரு பார் என்பது ஒரு தாள வட்டம்), சுற்றி வருகிறார். மெட்டைப் பிடித்துக்கொண்டால் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துகொண்டே இருக்கும், நேரம் போவது தெரியாது. பியானோக்காரர் எப்படியெல்லாம் ஒதுங்கி நிற்கிறார் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

இன்னொன்று. சாக்ஸபோன்காரர் தன் வாத்தியத்தைத் தானே எடுத்து வருகிறார். பியானோ கலைஞருக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். 1975 ஜனவரியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜாரட்டுக்குக் கிடைத்தது சிறிய, பழுதான பியானோ. அதன் மேல் ஸ்தாயி சரியில்லாததால் நடுப்பகுதியிலேயே அதிகம் வாசித்தார். அந்தப் பதிவு இன்றைக்கு எவ்வளவு பிரபலம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கலைஞர் அன்று வேகத்தைக் குறைத்ததற்குக்கூட அந்தப் பியானோவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே, மறுபடி போங்கள். ஆல்பத்தை முந்தைய நாளெல்லாம் போட்டுக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். கொஞ்சம் மறந்துவிட்டுப் போங்கள். கிளப்பில் இரண்டு செட் இருந்தால் இரண்டுக்கும் இருங்கள். இரண்டாவதில் கூட்டம் குறையும், கைகளும் சூடேறியிருக்கும். நான் கேட்ட நல்ல வாசிப்புகளில் பெரும்பாலானவை இரண்டாவது செட்டில்தான்.

அவரிடம் பேசுவது பற்றி. தயங்க வேண்டியதில்லை. ‘உங்கள் ரசிகை’ என்று பொதுவாகச் சொன்னால் அவர் நன்றி சொல்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று வாசித்ததில் ஒரு இடத்தைக் குறிப்பாகக் கேளுங்கள். அந்தப் பாட்டை ஏன் அவ்வளவு மெதுவாக எடுத்தீர்கள் என்று கேட்டாலே போதும். எனக்குத் தெரிந்தவரை, இந்தக் கேள்விக்கு முகம் மலராத பியானோ கலைஞர் இல்லை. என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.