தாத்தா ஒப்பிக்கிறாரா? – கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஓசூர்ல ஐடி வேலை. பெர்ட் ஜான்ஷ், நிக் ட்ரேக், ஜான் ரென்போர்ன்னு பிரிட்டிஷ் ஃபோக் கிடார்காரங்க மேல கொஞ்ச நாளா இதே பைத்தியம். ஃபிங்கர்பிக்கிங், அதாவது விரலாலயே கம்பிய மீட்டறது, கத்துக்கறேன். புது கிடார் எது வாங்கலாம்? ட்யூனிங் மாத்தி வாசிக்க எப்ப ஆரம்பிக்கலாம்? இன்னொன்னு, கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதினீங்களேன்னு இங்கிலீஷ் நாட்டுப்புறப் பாடகர் வால்ட்டர் பார்டன் கேட்டேன், ரெண்டு நிமிஷம் தாண்டல. ஒரு தாத்தா, கிடாரும் இல்ல, ஏத்த இறக்கமும் இல்ல, ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. இதை ரசிக்க என்ன தெரிஞ்சிருக்கணும்?

ர.

அன்புள்ள ர.,

கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டு கோவம் வர்ற மாதிரியே எழுதியிருக்கீங்க. நானும் இப்ப பார்டனைத்தான் திரும்பத் திரும்ப கேட்டுட்டு இருக்கேன், அதான் உடனே பதில்.

கிடார் கடையில போய் வாசிச்சுப் பாருங்க, கைக்கு எது ஒத்து வருதோ அதை எடுங்க, இதுக்கெல்லாம் எழுத்தாளன்கிட்ட வராதீங்க. ட்யூனிங் இன்னைக்கே ஆரம்பிக்கலாம். வழக்கமான ட்யூனிங்ல இருந்து ஆறாவது, ரெண்டாவது, ஒண்ணாவது கம்பிய ஒரு முழு டோன் இறக்குங்க, டி-ஏ-டி-ஜி-ஏ-டி வந்துடும். டேவி கிரகாம்னு ஒரு கிடார்காரர் மொராக்கோ போனப்ப அங்க ஊத்ங்கற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கறவங்களோட சேந்து வாசிக்க பிடிச்ச வழி அது. சும்மா மீட்டினா மேஜரா மைனரான்னு சொல்லாம நிக்கும், பழைய இங்கிலீஷ் மெட்டுங்க பல அப்படித்தான் ரெண்டுங்கெட்டானா இருக்கும், அதான் இவ்வளவு பொருந்துது.

சரி, தாத்தா விஷயத்துக்கு வருவோம்.

தம்பி, நீங்க தலைகீழா நிக்கறீங்க. கிடார்தான் பாட்டு, குரல் அதுக்கு மேல ஒட்டினதுன்னு நினைக்கறீங்க. 1903-ல நாட்டுப்புறப் பாட்டு சேகரிச்ச செசில் ஷார்ப் இங்கிலாந்துல சாமர்செட்ல ஹாம்பிரிட்ஜ் கிராமத்துல ஒரு தோட்டக்காரர் பாடினதைக் கேட்டு பேப்பர்ல எழுதிக்கிட்டாரே, அதுல இருந்தது ஒத்த மெட்டு, அவ்வளவுதான், சேத்து மீட்டற சுரக்கூட்டு, அதான் கார்டு, எதுவும் கிடையாது. நார்ஃபோக்ல வயல் வேலை பாத்த ஹாரி காக்ஸ், மீன் பிடிச்ச சாம் லார்னர், இவங்க பாட்டுக்கு கிடார் தேவையே படல. இங்கிலாந்துல பையனுங்க கையில எல்லாம் கிடார் வந்ததே 1950-கள்ல, ஸ்கிஃபிள்னு ஒரு எளிய பாட்டு பாணி அலையடிச்சப்ப. நேத்து வந்த வாத்தியம் அது.

நீங்க உருகற ஜான்ஷையே எடுத்துக்கோங்க. 1966 ரெக்கார்டுல அவர் வாசிச்ச 'பிளாக்வாட்டர்சைட்' பாட்டை அவருக்குக் கொடுத்தது ஆன் பிரிக்ஸ்னு ஒரு பொண்ணு, பெரும்பாலும் வாத்தியமே இல்லாம பாடறவங்க. அந்தக் குரல் வளையற இடத்துல எல்லாம் வளைஞ்சு போகத்தான் ஜான்ஷ் கை அப்படி ஓடுது. அதையே கிட்டத்தட்ட அப்படியே எடுத்து 1969-ல லெட் செப்பலின்ங்கற ராக் குழு முதல் ஆல்பத்துல குரலே இல்லாம வாசிச்சாங்க, இயற்றினவர்னு அவங்க கிடார்காரர் ஜிம்மி பேஜ் பேரைப் போட்டுக்கிட்டாங்க. அது தனி வயித்தெரிச்சல், இப்ப வேணாம்.

நான் நார்ஃபோக்ல இருக்கற நாரிச் நகரத்துல வேலை பாத்த காலத்துல ஒரு பப்போட பின்ரூம்ல வாரம் ஒருநாள் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு பாட்டு பாடுவாங்க. வயசான ஒரு அம்மா கண்ணை மூடி, கட்டைவிரலை மேஜை விளிம்புல அழுத்திக்கிட்டு ஒரு நீளமான கொலைப் பாட்டு பாடினாங்க. பக்கத்துல நல்லா வாசிக்கற ஒருத்தர், கிடார் மடியிலயே இருந்துச்சு, கம்பி மேல உள்ளங்கையை வச்சு அமுக்கிட்டு உக்காந்திருந்தார். ஏன் வாசிக்கலைன்னு அப்புறம் கேட்டேன். அவங்க பாடறாங்களேன்னார், அதுக்கு மேல விளக்கம் கிடையாது.

பார்டன் தச்சுவேலை பாத்தவர். நார்ஃபோக்ல நாப்டன் கிராமத்துல பொறந்த வீட்லயே கடைசி வரைக்கும் இருந்தவர், கல்யாணம் பண்ணிக்கல, மாமா பில்லி ஜீ கிட்ட கேட்டு கத்துக்கிட்ட பாட்டுங்க, கேக்க ஆளே இல்லாத வருஷங்கள்லயும் விடாம மனசுல வச்சுக் காப்பாத்தினார், ஒரு சொந்தக்காரர் சொல்லித்தான் டேப்ல பாடினார், முதல் எல்பி 1975-ல வந்தப்ப அறுபது தாண்டிடுச்சு. ஏத்த இறக்கம் இல்லைன்னு சொல்றீங்க. பொண்ணு செத்துப் போற இடத்துல அவர் குரல் நடுங்காது, வேகம் மாறாது, அடுத்த வரிக்குப் போயிடுவார். அவர் அழ மாட்டார்யா! நீங்கதான் அழணும். சினிமாப் பாட்டுல எங்க அழணும்னு வயலின் வச்சு சொல்லிக் கொடுத்தே நம்ம காது கெட்டுப் போச்சு, மனுஷன் சும்மா கதை சொன்னா ஒப்பிக்கிறான்னு தோணுது.

இதை முழுசா புரிஞ்சுக்கிட்ட கிடார்காரங்க ரெண்டு பேரு. மார்ட்டின் கார்த்தி சி-ஜி-சி-டி-ஜி-ஏன்னு கம்பிய வச்சுக்கிட்டு, கார்டு அடிச்சு பாட்டை மூடாம மெட்டு கூடவே நடப்பார், கீழ கட்டைவிரல் அடி விழுந்துட்டே இருக்கும். இன்னொருத்தர் நிக் ஜோன்ஸ். நடுவுல நகத்தால கம்பிய ஒரு தட்டு தட்டுவார், டிரம் இல்லாமலே தாளம் வந்துடும், ஆனா வார்த்தை ஒண்ணு கூட அடியில மாட்டாது. 1980-ல 'பெங்குவின் எக்ஸ்', 1982-ல கார் விபத்து, அப்புறம் மேடைக்கு வரவே இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஆல்பத்தை நீங்க கேக்கலைன்னா ஃபிங்கர்பிக்கிங்கை விட்ருங்க.

என்ன தெரிஞ்சிருக்கணும்னு கேட்டீங்க, ஒண்ணும் வேணாம். இன்னைக்கு ராத்திரி கிடாரை உறையிலயே விட்டுட்டு, பாட்டு வரிய எடுத்து முன்னால வச்சுக்கிட்டு பார்டன் பாட்டு ஒண்ணு கடைசி வரைக்கும் கேளுங்க. நார்ஃபோக் உச்சரிப்பு முதல்ல பிடிபடாது, பரவால்ல. அப்பவும் ஒப்பிக்கிற மாதிரி இருந்தா எழுதுங்க, இன்னும் கொஞ்சம் திட்டறேன்.