அம்மா இறந்து 4 மாதமாக 70 வயது அப்பா யாரோடும் பேசுவதில்லை, மறதியும் கூடியிருக்கிறது. வயசானால் இப்படித்தானா?

இல்லை. துக்கம் இயல்புதான். ஆனால் சாப்பாடு குறைந்து, விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்து, தெருவில் இறங்கவே மனமில்லாமல் இருந்தால் மனச்சோர்வு நோயைச் சந்தேகிக்க வேண்டும். முதியவர்கள் 'கவலையா இருக்கு' என்று சொல்வது குறைவு. 'முட்டி வலிக்குது, வயிறு சரியில்லை' என்பார்கள்.

மறதியைக் கவனியுங்கள். மனச்சோர்வில் அது சில வாரங்களில் தெரியவரும். கேட்டால் 'ஞாபகமில்லை, விடு' என்பார். டிமென்ஷியா (மூளைத் திறன் குறையும் மறதி நோய்) மெதுவாக வரும். அது வந்தவர் பெரும்பாலும் தனக்கு மறதியே இல்லை என்பார். இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஆகவே டாக்டரைப் பார்ப்பதே சரி. தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் (ரத்தத்தில் உள்ள உப்புச்சத்து) ரத்தப் பரிசோதனைகளையும் காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமானவர் பேச்சு புரியாமலே ஒதுங்கிவிடுவார். வீட்டில் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தால் 2 வாரத்தில் 'பலனில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். குணம் தெரிய 4 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவரென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சோடியம் இறங்கினால் தள்ளாட்டம், குழப்பம் வரும்.

'கோயிலுக்குப் போங்கப்பா' என்று சொல்லி அனுப்புவதைவிட, தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம் கூடவே நடங்கள். ரேஷன் கடை, மின்கட்டணம் போன்ற வேலைகளை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

'இருந்து என்ன பயன்' என்று சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.