மணற்காட்டில் கூடாரமடிக்க ஜீப்பில் என்ன கொண்டுபோக வேண்டும்?

கூடாரத்தைவிடக் காற்றமுக்கமானியும் காற்றடிக்கும் பம்பும்தான் முதலில் வேண்டும். பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே உள்ள மணற்காட்டுக் கிராமத்து மணல்மேடுகளில் தார்வீதிக்கான அமுக்கத்துடன் இறங்கினால் சில்லு புதையும். 32 இறாத்தலில் (psi) இருக்கும் ரயரை 18 வரை இறக்குங்கள். ரயர் தட்டையாகி, மண்ணைக் கிழிக்காமல் மிதித்துப் போகும். அப்படியும் புதைந்தால், தயவுசெய்து அக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சில்லின் முன்னும் பின்னும் மண்ணை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னெடுங்கள். மண்வெட்டியும் இரண்டு பலகைத் துண்டுகளும் போதும். வீதிக்கு ஏறியதும் மறக்காமல் காற்றடியுங்கள்.

கூடாரத்தின் முளை மணலில் நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கும் அசையாது.

கரையோரக் கிணறுகள் பல உவர். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் குடிநீர் எடுங்கள். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரிமழை, வேண்டாம்.

அங்கிருந்து சுண்டிக்குளம் போவதானால், அது தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. வழியில் எங்கே கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டாலும் அதைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள்.