கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நாலரை வயது. எழுதுவது, வரைவது, பந்து எறிவது, சாப்பிடுவது எல்லாமே இடது கை. “எழுத்து எப்படியோ போகட்டும், சாப்பாட்டையாவது சோத்தாங்கைக்கு மாற்று” என்கிறார் மாமியார். ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் பார்த்துச் சிரித்ததிலிருந்து வீட்டில் தினமும் இதே பேச்சு. இடது கைக்காரர்கள் ஒன்பது வருடம் முன்னாலேயே இறந்துவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததாக என் கணவர் வேறு பயமுறுத்துகிறார். இன்னொரு பக்கம், அவர்கள் மேதைகள் என்கிறார்கள். மாற்றினால் திக்குவாய் வருமா? சாப்பாட்டை மட்டும் மாற்றலாமா? நம் ஊர் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ர., கரூர்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். வலங்கை, இடங்கை என்பது சோழர் காலத்திலிருந்து கல்வெட்டுகளில் வரும் பிரிவு. கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் காலத்துச் சென்னைப் பட்டணத்திலும் அதற்காகத் தெருவில் இறங்கி அடித்துக்கொண்டார்கள். அது கோஷ்டிச் சண்டை. உங்கள் பையன் எந்தக் கையில் க்ரேயான் பிடிக்கிறான் என்பதோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேதை சமாச்சாரத்தையும் விடுங்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் இடது கைக்காரர்கள். அத்தனை மேதைகளை எந்த நாடும் தாங்காது. திக்குவாய் என்றால் உடனே பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னரைக் கொண்டுவருவார்கள். அவரை வலது கைக்கு மாற்றியதும் உண்மை, அவருக்குத் திக்கியதும் உண்மை. ஒரே ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு முடிவு கட்ட முடியாது. பிள்ளையைப் படுத்தக் கூடாது என்பதற்குத் திக்குவாய் வரைக்கும் போய்க் காரணம் தேடவும் வேண்டாம்.

உங்கள் கணவரின் ஒன்பது வருடத்துக்கு வருகிறேன். சமீபத்தில் என் பெரிய அத்தையின் திவசம் வந்தபோது இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில்.

அது வாட்ஸப்பில் எவனோ இட்டுக்கட்டியது அல்ல. ஸ்டான்லி கோரன், டயான் ஹால்பெர்ன் என்று இரண்டு உளவியலாளர்கள் 1991-இல் பெரிய மருத்துவ இதழ் ஒன்றிலேயே எழுதியது. தெற்குக் கலிஃபோர்னியாவில் இறந்துபோன ஏறத்தாழ ஆயிரம் பேரின் குடும்பங்களைக் கேட்டு, போனவர் எந்தக் கைக்காரர் என்று விசாரித்தார்கள். வலது கைக்காரர்கள் சராசரியாக 75 வயதிலும் இடது கைக்காரர்கள் 66 வயதிலும் போயிருந்தார்கள். கழித்தால் ஒன்பது. உலகமெல்லாம் செய்தியாகிவிட்டது.

இப்போது இன்னொரு கணக்குப் போடுங்கள். உங்கள் ஊரில் இறந்துபோன பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுடிதார் போட்டுப் பழகியவர்கள் ஒரு பக்கம், கடைசிவரை சேலை மட்டுமே கட்டியவர்கள் ஒரு பக்கம். சராசரி வயது பார்த்தால் சுடிதார்காரிகள் முப்பது வருடம் முன்னாலேயே போய்விட்டதாக வரும். சுடிதாரா கொன்றது? எண்பது வயதுக் கிழவிகள் சுடிதார் போட்டதே இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் நடந்தது இதுதான். 1990 வாக்கில் எண்பது வயதில் இறந்தவர் 1910-இல் பிறந்தவர். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இடது கையில் பேனா எடுத்தால் பிரம்பால் அடி விழும். இடது கைக்காரராகப் பிறந்தவர் எட்டு வயதுக்குள் வலது கைக்காரர் ஆகிவிடுவார். எண்பது வயதில் அவர் போனபின் மகளைக் கேட்டால், “அப்பா வலது கைதான்” என்பாள். அவள் பார்த்தது அதைத்தானே. இப்படிக் கிழவர்களை எல்லாம் வலது பக்கப் பட்டியலில் சேர்த்துவிட்டு, மிச்சமிருந்த இளவயதுச் சாவுகளை மட்டும் இடது பக்கம் எழுதினால் சராசரி குறையாமல் என்ன செய்யும்? பிரிட்டனில் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் இடது கைக்காரர்கள் என்று கணக்கு. பிறகு அது பத்து, பதினொன்று என்று ஏறியது. பிள்ளைகள் புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. அடிப்பதை நிறுத்தினார்கள்.

என் பெரிய அத்தையை யாராவது விசாரித்திருந்தால் அவளையும் வலது பக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள். கடிதம் எழுதுவாள், வலது கை. சாப்பிடுவாள், பரிமாறுவாள், விபூதி எடுத்துக் கொடுப்பாள், எல்லாம் வலது கை. சின்ன வயதில் பாட்டி கரண்டிக் காம்பால் முட்டியில் தட்டித் தட்டி மாற்றிவிட்டாளாம். ஆனால் கல்யாணத்துக்குக் கைமுறுக்கு சுற்ற உட்கார்ந்தால் அத்தையின் கை பாட்டி பேச்சைக் கேட்காது. இடது கையில் மாவை எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கிக்கொண்டே வேட்டித் துணியில் வட்டமாக விட்டுக்கொண்டு போவாள். ஐந்தாறு பெண்கள் சுற்றிய முறுக்கு வரிசையாகக் காயும். அத்தையுடையது மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும், முறுக்கிய கோடுகளும் எதிராகச் சாய்ந்திருக்கும். நாங்கள் பிள்ளைகள் ஓடிப்போய்க் கண்டுபிடித்துச் சொல்லுவோம். ஐந்து சுற்று, ஏழு சுற்று முறுக்கெல்லாம் அவளுக்குத்தான் பிசிறில்லாமல் வரும். சீர் வரிசைக்கு அடுக்கும்போது பாட்டி அவற்றைப் பொறுக்கித் தாம்பாளத்தின் அடியில் போட்டுவிடுவாள். சம்பந்தி வீட்டார் கண்ணில் படக் கூடாதாம். என்ன அநியாயம் பாருங்கள்! உங்கள் மாமியார்மீது எனக்கு வருகிற கோபத்தில் பாதி, என் பாட்டிக்குச் சேரவேண்டியது.

கை மாறாமலே இருந்த ஒருவரும் உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்த மிருதங்க மேதை, இடது கைக்காரர். (மேதை என்றுதான் எழுதிவிட்டேன். இடது கையினால் அல்ல, விடாத பயிற்சியினால்.) வழக்கமாக மிருதங்கத்தின் வலந்தலையை, அதாவது கணீரென்று ஒலிக்கும் முகத்தை, வலது கையால் வாசிப்பார்கள். அது சபையைப் பார்த்து இருந்தால்தான் நாதம் நன்றாகக் கேட்கும். அதனால் மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம், வயலின்காரர் இடப்பக்கம். பழனிக்கு வலந்தலை இடது கையில். அவர் வாசிக்க வேண்டுமென்றால் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். நாலடி தூரம். அந்த நாலடிதான் அவருக்கு ஆரம்பத்தில் பெரிய தடையாக இருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் பிடிவாதமாக அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடினார்கள். அப்புறம் இன்னொரு மிருதங்க ஜாம்பவான் பாலக்காடு மணி ஐயரோடு சேர்த்துச் சொல்லும் பெயராக அவர் பெயர் ஆனது. அந்தக் கையை யாரும் திருத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் தள்ளி உட்கார்ந்தார்கள்.

சரி, நீங்கள் கேட்டது சாப்பாடு. பையன் அடம் பிடிக்கிறான் என்று மாமியார் நினைத்தால் ஒன்று சொல்லுங்கள். வயிற்றில் இருக்கும்போதே குழந்தை எந்தக் கட்டைவிரலைச் சூப்புகிறது என்று ஸ்கேனில் பார்த்து, பல வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். வலது விரல் சூப்பிய 60 பேரும் வலது கைக்காரர்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடது கைக்காரர்கள். பிறக்குமுன்பே பிடித்த அடத்தை எந்தக் கரண்டிக் காம்பு தீர்க்கும்?

கழுவுகிற கையும் தின்கிற கையும் வேறாக இருக்கவேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இவன் வலது கையால் கழுவட்டும், சோப்பு போட்டு. கோயிலில் விபூதி வாங்குவது, பெரியவர்களிடம் ஒன்றை நீட்டுவது இதெல்லாம் வலது கையில் செய்யச் சொல்லிக்கொடுங்கள். அதற்குக் கைத்திறன் வேண்டாம், பழகிவிடுவான். பென்சிலும் சோறும் அப்படியல்ல, அவற்றில் கைவைக்காதீர்கள். நாலு பேர் சிரித்தார்கள் என்று நாலரை வயதுப் பிள்ளையைப் படுத்துகிறீர்களே, அந்த நாலு பேர் நாளைக்கு அவனுக்கு ஹோம்வொர்க் எழுதித் தரப்போகிறார்களா?

பந்தியில் அவனை வரிசையின் இடது கோடியில் உட்காரவையுங்கள், யார் முழங்கையும் இடிக்காது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு மாமா உட்கார்ந்திருந்தால் அவரைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். அப்புறம், கத்தரிக்கோல் மட்டும் இடது கைக்கென்றே செய்ததாகத் தேடி வாங்குங்கள். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் மேல் அலகு வெட்டுகிற கோட்டை மறைத்துவிடும், தாளும் கசங்கும். பையனுக்குக் கை வரவில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார்.